எந்த ஊரு, எந்தத் தெரு?

(சிவகிரியில் நடந்த வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். திரும்பத் திரும்பச் சொன்ன சில வரிகள் மட்டும் நீக்கப்பட்டுள்ளன.)

 

'கதை எழுதியும் காமெடி பண்ணியும் பிழைக்க முடியுமா?' என்று தலைப்புக் கொடுத்துக் கூப்பிட்டார்கள். முடியாது என்று போனிலேயே சொல்லிவிட்டேன். அப்புறம் எதுக்கு தோழர் வர்றீங்க என்று கேட்டார். பஸ் செலவு தருவதாகச் சொன்னீர்களே, எங்கள் தொழிலில் அதற்குப் பேர்தான் சம்பளம் என்றேன்.

நான் எழுதிய இரண்டு புத்தகங்களையும் நானே அச்சடித்து நானே விற்றவன். ஆறு வருடமாகச் சென்னையில் மேடையேறி, மைக்கைப் பிடித்து, டிக்கெட் வாங்கியவர்களைச் சிரிக்க வைக்கப் பார்க்கிறேன். வாடகை கட்டுவது இந்த இரண்டாலும் இல்லை. பகலில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன், அந்தச் சம்பளத்தில்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே உட்கார்ந்திருக்கிற தம்பி தங்கைகள் யாராவது நாளைக்கு வேலையை விட்டுவிட்டு வந்து என் சட்டையைப் பிடிக்கக் கூடாது.

சென்னையில் யாராவது ஊர் கேட்டால் 'சிவகிரி' என்பேன். 'ஈரோடு பக்கமா?' என்பார்கள். அங்கே ஒரு சிவகிரி இருக்கிறது. மலையாளத் தோழர்களாக இருந்தால் 'வர்க்கலையா?' என்பார்கள். நாராயண குருவின் சமாதி இருக்கிற சிவகிரி அது. இல்லைங்க, தென்காசி மாவட்டம், வாசுதேவநல்லூருக்குப் பக்கம், மலையடிவாரம் என்றால் சென்னைக்காரருக்கு அத்தோடு பேச்சு முடிந்துவிடும். நம் பக்கத்து ஆளாக இருந்தால் பேச்சு அப்போதுதான் ஆரம்பிக்கும். 'சிவகிரியா? சிவகிரியில எங்க?' 'எந்தத் தெரு?' 'அப்பா பேரு?' 'அங்க இன்னாரைத் தெரியுமா?' நாலு கேள்வியில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆதாருக்கே பன்னிரண்டு எண் தேவைப்படுகிறது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஸ்டாண்ட்-அப் காமெடியில் சொல்லித் தருகிற முதல் பாடமே இந்தக் கேள்விதான். மேடை ஏறியதும் முன்வரிசையில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டும். 'எந்த ஊரு சார்? என்ன பண்றீங்க? லவ் மேரேஜா, அரேஞ்ச்டா?' அவர் என்ன பதில் சொன்னாலும் அதை வைத்து ஒரு சிரிப்பு. இதற்கு கிரௌட் வொர்க் என்று பேர். எல்லோரும் செய்கிறார்கள், நானும் செய்தேன். சென்னையில் ஏசி அறையில் நூறு பேருக்கு முன்னால் அது ஒன்றும் செய்யாது. மதுரைன்னா ஜிகர்தண்டா, கோயம்புத்தூருன்னா 'ஏனுங்க', முடிந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் நம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நானூறு பிள்ளைகள் இருக்கும். முன்வரிசையில் ஒரு பையன், நல்லாச் சிரிக்கிறான். 'எந்த ஊரு தம்பி?' என்றேன். ஒரு கிராமத்தின் பேரைச் சொன்னான். எனக்கும் தெரிந்த ஊர். பழக்கதோஷத்தில் 'அங்க எங்கப்பா?' என்று கேட்டுவிட்டேன்.

அந்தப் பையன் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த இரண்டு பேர் குனிந்துகொண்டார்கள். பின்வரிசையிலிருந்து யாரோ ஒரு மாதிரி 'ஓ...' என்றார்கள். வாழ்க்கை முழுக்க டீக்கடையில், பஸ்ஸில், வாடகை வீட்டு வாசலில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வியை, ஸ்பீக்கர் வைத்து, நானூறு பேருக்கு முன்னால், நான் ஒரு பையனிடம் கேட்டிருந்தேன். கையில் தயாராக ஒரு ஜோக் வேறு இருந்தது. அதை விழுங்கிவிட்டு 'சரி, உங்க கேன்டீன் சாப்பாடு எப்படி?' என்று தாவினேன். கேன்டீன் என்றால் எல்லாக் கல்லூரியிலும் சிரிப்பார்கள். சிரித்தார்கள். அந்தப் பையன் சிரிக்கவில்லை. நிகழ்ச்சி முடிந்து தேடினேன், ஆளைக் காணோம்.

அன்றிலிருந்து நான் யாரிடமும் ஊர் கேட்பதில்லை. இந்தக் கலை வடிவத்தை உருவாக்கியவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஊர் கேட்டால் ஊரை மட்டுமே கேட்பதாக நினைத்துக்கொள்ள முடிந்தவர்கள் உருவாக்கிய வடிவம் அது. நாம் அதற்குள் போகும்போது நமக்குத் தகுந்த மாதிரி வெட்டித் தைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தைக்கும்போது கையில் குத்தும். எனக்கு எங்கே குத்தியது என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லலாம் என்று வந்தேன்.

எனக்கு ஓரளவு பேர் வாங்கிக் கொடுத்தது ஒரு செருப்பு ஜோக். என் அம்மாவுடைய அப்பாவின் ஊர் இங்கிருந்து பக்கம்தான். பேர் வேண்டாம், சொந்தக்காரர்கள் இன்னும் அங்கே கூலி வேலைக்குப் போகிறார்கள். அந்த ஊரில் ஒரு தெருவைக் கடக்கும்போது நம் ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். தாத்தா பிடித்துக்கொண்டு போனவர். இதை நான் மேடையில் இப்படிச் சொன்னேன்: 'எங்க தாத்தா ஒரு சோடி செருப்பை பதினைஞ்சு வருசம் வச்சிருந்தாரு. தேயவே இல்ல. என்ன பிராண்டுன்னு கேக்காதீங்க. பாதி தூரம் அது அவர் கால்ல போகல, கையில போச்சு.'

அரங்கமே குலுங்கியது. ஒன்றரை நிமிட வீடியோவாகப் போட்டேன், எங்கெங்கோ சுற்றியது. நம் தோழர்களே 'சாதியைச் செருப்பால் அடித்தாய்' என்றெல்லாம் எழுதினார்கள். நானும் மிதப்பில் இருந்தேன். சித்தப்பா மகன் அதை அம்மாவிடம் காட்டியிருக்கிறான். ராத்திரி போன் வந்தது.

"நல்லாத்தாம்ல சொல்லிருக்க. எல்லாரும் சிரிச்சாவ."

"ஆமாம்மா."

"அவிய எங்கய்யாவப் பாத்துச் சிரிச்சாவளா, அந்தத் தெருவப் பாத்துச் சிரிச்சாவளா?"

அம்மா சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. வீடியோவை எடுத்து, படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்டேன். 'கையில போச்சு' என்ற இடத்தில் வெடிச் சிரிப்பு. அந்த இடத்தில் அவர்கள் கண்முன்னால் நிற்பது யார்? செருப்பைக் கையில் பிடித்த ஒரு கிழவர். தெரு எங்கே? அதைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. தெருவில் ஆளே இல்லை. என்னமோ எங்கள் தாத்தா தன் ஆசைக்குச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்த மாதிரி.

அதைத் திருத்த எனக்கு இரண்டு மாதம் ஆனது. இப்போது இப்படிச் சொல்கிறேன்: 'அந்தத் தெருவுல ஒருத்தர் திண்ணையில உக்காந்திருப்பாரு. அவருக்கு வேலை என்னன்னா, போறவன் வர்றவன் காலைப் பாக்கணும். காலையில எட்டு மணிக்கு டூட்டி. வெறுங்காலா? சரி, போ. அடுத்து. மழை வந்தாலும் லீவு கிடையாது, பொங்கலுக்கும் கிடையாது. சம்பளமும் கிடையாது. அவருக்கு முன்னாடி அவங்க அப்பா பாத்தாரு, அவருக்கு முன்னாடி அவங்க தாத்தா. மூணு தலைமுறையா காலைப் பாத்தே ஒரு குடும்பம் கழுத்து வலியில கிடக்கு. எங்க தாத்தா பாவம் பாத்து, அந்த மனுசன் ரொம்பக் குனிய வேண்டாமேன்னு, செருப்பைக் கையில தூக்கிக் காட்டிட்டுப் போவாரு.'

சம்பவம் அதேதான். சிரிப்பு விழுகிற இடம் திண்ணைக்கு மாறிவிட்டது. ஆனால் சிரிப்பு குறைந்துவிட்டது. முன்பு நூறு பேர் சிரித்த இடத்தில் இப்போது ஐம்பது பேர். ஒருமுறை ஒரு இளைஞர் சிரிக்க வாயைத் திறந்து, பக்கத்தில் இருந்த அப்பாவைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். கம்பெனி நிகழ்ச்சிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற ஒரு தம்பி, 'ப்ரோ, அந்தச் சாதி மேட்டர் மட்டும் வேண்டாமே, கொஞ்சம் ஹெவியா இருக்கு, கிளீன் செட்டா பண்ணுங்க' என்றார். இந்தத் தொழிலில் கொஞ்சமாவது காசு வருவது கம்பெனி நிகழ்ச்சியில்தான். ஓப்பன் மைக்கில் காசு கிடையாது, சில இடத்தில் நாம்தான் கட்ட வேண்டும். கிளீன் செட் என்றால் சாதி, மதம், அரசியல் பேசாதது. மனைவியைக் கிண்டல் பண்ணலாம், குண்டாக இருப்பவரைப் பண்ணலாம், கறுப்பாக இருப்பவரைப் பண்ணலாம், அதெல்லாம் கிளீன். சுத்தம் என்ற சொல் நம்மை எங்கேயும் விடாது போலிருக்கிறது. அந்த ஜோக்கைத் திருத்திய வருடம் எனக்கு வந்த கம்பெனி நிகழ்ச்சிகள் பாதியாகக் குறைந்தன. ஒரு வாக்கியத்தை இடம் மாற்றி வைத்ததற்கு இவ்வளவு விலை.

சிரிப்பை இடம் மாற்றி வைக்கிற இந்த வேலையை நம் மண்ணில் எப்போதோ செய்துவிட்டார்கள். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன், 1949-இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் 'கிந்தனார்' என்று ஒரு காலட்சேபம் செய்தார். கதாகாலட்சேபம் என்பது யாருடைய மேடை என்று உங்களுக்குத் தெரியும். அங்கே நந்தனார் கதை காலங்காலமாக நடந்தது. நந்தன் சிதம்பரம் போக ஆசைப்படுவான், கெஞ்சுவான், கடைசியில் நெருப்பில் இறங்கித்தான் உள்ளே போக முடியும். கேட்கிற கூட்டம் கண்ணீர் விடும், ஆனால் நெருப்பு மூட்டியவரை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். என்.எஸ்.கே. அதே மேடையை, அதே தாளத்தை, அதே உடையை எடுத்துக்கொண்டார். அவருடைய கிந்தனுக்கு ஆசை பள்ளிக்கூடத்தின் மேல். படித்துக் கல்வி அதிகாரியாகத் திரும்பி வருகிறான். நெருப்பே தேவைப்படவில்லை. சிரிப்பு முழுக்க வாத்தியார் பக்கம் திரும்பிவிட்டது. காலட்சேபம் செய்பவரின் தொடையில் தட்டும் தாளத்தை வைத்தே காலட்சேபத்தைக் கவிழ்த்த மனிதர் அவர். ஸ்டாண்ட்-அப் அமெரிக்காவிலிருந்து வந்தது என்று சொல்பவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. இதைப் போட்டுக் காட்டுவேன்.

செருப்பு என்று பேச்சு வந்துவிட்டதால் இன்னொரு கதை. வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிது இல்லை. பாபநாசத்துக்கு மேலே காரையாறில் சொரிமுத்தையனார் கோயில். ஆடி அமாவாசைக்கு நம் பக்கத்திலிருந்து வண்டி கட்டிப் போவார்கள். அங்கே பட்டவராயன் சன்னதியில் காணிக்கையாகச் செருப்பைக் கட்டிவிடுவார்கள். கோயிலுக்குள் செருப்பே காணிக்கை. பட்டவராயன் என்கிற முத்துப்பட்டன் பிராமணன். பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கை இருவர் மேல் ஆசைப்படுகிறான். அவர்கள் சக்கிலியர் வீட்டுப் பெண்கள். அவர்களுடைய தகப்பன் வாலப்பகடை, பெண் வேண்டுமென்றால் குடுமியை அறு, பூணூலைக் கழற்று, செருப்புத் தைத்துக் கொண்டு வா என்கிறான். முத்துப்பட்டன் செய்கிறான். கடைசியில் மாடு திருட வந்தவர்களோடு சண்டை போட்டுச் சாகிறான்.

இந்தக் கதையைப் பதிப்பித்த பேராசிரியர் நா. வானமாமலை ஒரு விஷயத்தைக் கவனித்து எழுதினார். பிற்காலத்தில் பாடியவர்கள் கதையில் ஒரு சரக்கைச் சேர்த்திருக்கிறார்கள்: அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகளாம், காட்டில் கிடந்ததை எடுத்து வாலப்பகடை வளர்த்தானாம். பார்த்தீர்களா? பூணூலை அறுத்துவிட்டுச் செருப்புத் தைத்த மாப்பிள்ளையை ஒன்றும் செய்ய முடியவில்லை. அதனால் பெண்ணின் பிறப்புச் சான்றிதழை மாற்றிவிட்டார்கள். கதையை யாரும் தடை செய்யவில்லை, எரிக்கவில்லை. எடிட் மட்டும் பண்ணினார்கள்.

என் முதல் நாவலுக்கு நடந்ததும் இதுதான். ஒரு பதிப்பகம். பேர் வேண்டாம். நல்ல மனிதர்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். எட்டு மாதம் கையெழுத்துப் பிரதியை வைத்திருந்துவிட்டு, 'பிரமாதமா வந்திருக்கு தம்பி. அந்தத் தெரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் குறைச்சா எல்லாருக்குமான கிராமத்துக் கதையாயிரும்' என்றார்கள். வீட்டுக்கு வந்து தெருவை எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். இரண்டு ஆடும் ஒரு மழையும்தான் மிச்சம் இருந்தது.

அக்கா செயினை அடகு வைத்துக் கொடுத்தாள். முந்நூறு பிரதி அடித்தேன்.

சொந்தக் காசில் புத்தகம் போட்டேன் என்று சொல்ல ரொம்ப நாள் கூச்சமாக இருந்தது. இலக்கியக் கூட்டத்தில் 'யார் பதிப்பகம்?' என்று கேட்பார்கள். அதுவும் ஒரு 'எந்தத் தெரு' கேள்விதான். பிறகு கொஞ்சம் படித்தபோது கூச்சம் போய்விட்டது. 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் ஒரு பத்திரிகை தொடங்கினார். எந்தச் சொல்லை வைத்து ஊர் ஏசியதோ அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்தார்: 'பறையன்'. கடைக்குப் போய் அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்றால் வாங்குகிறவன் அந்தச் சொல்லை மரியாதையாக உச்சரித்தாக வேண்டும். எனக்குத் தெரிந்து தமிழில் இதைவிட நல்ல ஜோக் யாரும் எழுதவில்லை. 1900 வரை நடத்தினார். 1907-இல் அயோத்திதாசர் ராயப்பேட்டையிலிருந்து கொண்டுவந்த பத்திரிகை, விலையையே பேராக வைத்துக்கொண்டது: 'ஒரு பைசாத் தமிழன்'. அவர் எழுத்தில் இருக்கிற நக்கலைத் தனியாக எடுத்து யாராவது தொகுக்க வேண்டும். 'வேஷ பிராமணர்' என்ற ஒரு சொற்சேர்க்கையில் எத்தனை நூற்றாண்டைப் போட்டுக் கவிழ்த்தார்! 1925-இல் ஈரோட்டிலிருந்து வந்த 'குடிஅரசு' பற்றி இந்த அவையில் நான் சொல்ல வேண்டியதில்லை. இவர்கள் யாரும் எந்தப் பதிப்பகத்தின் பதிலுக்காகவும் எட்டு மாதம் காத்திருக்கவில்லை.

நமக்குக் கிட்டத்தில் பாமா. வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டி. இதே மலைத்தொடரைப் பார்த்து வளர்ந்தவர். 1992-இல் 'கருக்கு' வந்தபோது பெரிய பதிப்பகம் எதுவும் அதைப் போடவில்லை, மதுரையில் இருந்த ஒரு சமூக ஆய்வு மையம் போட்டது. பிறகு ஆங்கிலத்தில் போனது, கிராஸ்வேர்ட் விருது வாங்கியது, பல்கலைக்கழகப் பாடமானது. எனக்கு அதைவிட முக்கியமான சேதி, புத்தகம் வந்த புதிதில் அவருடைய ஊர் ஆட்களே கோபப்பட்டார்கள் என்பது. எங்களைப் பற்றி இப்படியெல்லாம் எழுதலாமா என்று. பின்னால் அவர்களே அந்தப் புத்தகத்தைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். என் அம்மா போனில் கேட்டதும் அந்தக் கோபத்தின் ஒரு துண்டுதான் என்று இப்போது தோன்றுகிறது. 1996-இல் 'கிசும்புக்காரன்' என்று ஒரு சிறுகதைத் தொகுப்பும் போட்டார் பாமா. அதில் 'அண்ணாச்சி' என்று ஒரு கதை. பஸ்ஸில் ஒரு இளைஞன் ஊர்ப் பெரிய மனுசனை, மற்றவர்களைக் கூப்பிடுகிற மாதிரி 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டுவிடுகிறான். அவ்வளவுதான் நடந்தது. அதற்கு ஊர் கொதிக்கிறது. கதை முழுக்க நமக்குச் சிரிப்பு வருகிறது, ஒரு தடவைகூட அந்த இளைஞனைப் பார்த்து வரவில்லை. பாமாவின் அண்ணன் ராஜ் கௌதமன், 2024-இல் மறைந்தார், அவருடைய 'சிலுவைராஜ் சரித்திரம்' இன்னும் ஒரு படி மேலே போய்த் தன்னையே கிண்டல் பண்ணிக்கொள்ளும். அதைச் செய்ய எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

சரி, காசு. அதைத்தான் கேட்க வந்திருக்கிறீர்கள்.

முந்நூறு பிரதியில் கடைகளுக்கு நூறு கொடுத்தேன். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழிவு, பணம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அமேசான் கிண்டிலில் 2016 கடைசியிலிருந்து தமிழில் நாமே மின்னூல் போடலாம், விலையையும் நாம் ஒப்புக்கொள்ளும் நிபந்தனையையும் பொறுத்து 35 அல்லது 70 சதவீதம் நமக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. முதல் வருடம் எனக்கு நாற்பத்தொரு பிரதி போனது. அங்கே நன்றாக ஓடுவது குடும்ப நாவல்கள். நம் இலக்கியக்காரர்கள் அந்தப் பெண் எழுத்தாளர்களைக் கேலி பேசுவார்கள். தயவுசெய்து அந்தக் கேலியில் சேராதீர்கள். யாருடைய சிபாரிசும் இல்லாமல், வாரம் ஒரு அத்தியாயம் என்று நாள் தவறாமல் எழுதி, தங்கள் வாசகர்களைத் தாங்களே சேர்த்துக்கொண்டவர்கள் அவர்கள். ஒரு வாசகியின் பேரையும் அவர் கடைசியாக எதைப் படித்தார் என்பதையும் நினைவில் வைத்திருக்கிற அந்தப் பழக்கத்தை நான் அவர்களிடமிருந்துதான் படித்தேன்.

மிச்சம் இருநூறு பிரதி எங்கே போனது? ஏப்ரல் 14, செப்டம்பர் 17, டிசம்பர் 6. கூட்டம் நடக்கிற இடத்தில் ஒரு தார்ப்பாயை விரித்து உட்கார்ந்துவிடுவேன். இரண்டு சுயமரியாதைத் திருமணங்களில் தாம்பூலப் பைக்குப் பதில் புத்தகம் கொடுத்தார்கள், அதில் அறுபது. பெரியாருடைய சின்ன வெளியீடுகள் அணாக் கணக்கில் விற்ற அதே பாதை. நமக்கென்று ஒரு சந்தை இருக்கிறது, அதை நாம் சந்தை என்று நினைப்பதில்லை. குறையும் சொல்ல வேண்டும். 'தோழர், அப்புறம் ஜிபே பண்றேன்' என்று எடுத்துப்போன பதினேழு பேர் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். இந்த அறையிலும் இரண்டு பேர் இருக்கிறார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை.

இன்னொரு குறை. நம் கூட்டத்தில் காமெடி பண்ணுவது ரொம்பக் கஷ்டம். சிரிக்க மாட்டார்கள், தலையாட்டுவார்கள். கருத்து சரியாக இருந்தால் கைதட்டுவார்கள். கைதட்டல் யோசித்துவிட்டுச் செய்வது. சிரிப்பு யோசிப்பதற்கு முன்னால் வந்துவிடும். எனக்கு அதுதான் வேண்டும். திண்ணைக்காரர் ஜோக்குக்கு நம் தோழர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள், எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அதே ஜோக்கைப் புளியங்குடியில் ஒரு எலுமிச்சைக் கமிஷன் கடை வாசலில் நாலு சுமைதூக்கும் அண்ணன்மாரிடம் சொன்னபோது, ஒருத்தர் சிரித்துச் சிரித்துப் புரை ஏறி, 'அந்தாளுக்கு ஒரு கழுத்துப் பட்டை வாங்கிக் குடுங்கடே' என்றார். அந்த வரியை அன்றைக்கே ஜோக்கில் சேர்த்துவிட்டேன். அவருக்குக் காசு கொடுத்தேனா? டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஆபத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சொந்தப் பதிப்பு என்றால் எழுதியவனும் நீ, வெளியிட்டவனும் நீ. பின்னால் யாரும் கிடையாது. பெருமாள்முருகனை 2015 ஜனவரியில் எழுதுவதையே நிறுத்திவிட்டேன் என்று சொல்ல வைத்தார்கள். வழக்கு நடந்து, 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. உலகமே அதைப் பேசியது, பேச வேண்டியதுதான். புதுக்கோட்டை மாவட்டம் குளந்திரான்பட்டைச் சேர்ந்த துரை குணா 2014-இல் 'ஊரார் வரைந்த ஓவியம்' என்று ஒரு சிறு நூல் கொண்டுவந்தார். சாதியைப் பற்றித் தன் ஊரை வைத்தே எழுதியது. மிரட்டல், குடும்பத்துக்கு ஊர்விலக்கு, 2016-இல் ஒரு வழக்கில் கைது. எத்தனை பேருக்கு அவர் பேர் தெரியும் என்று இங்கே கை தூக்கச் சொல்லப்போவதில்லை.

மேடைக்கும் அதேதான். எம்.ஆர். ராதாவின் ராமாயண நாடகம் ஊர் ஊராக நடந்துகொண்டிருந்த 1954-இல் நாடகங்களைக் கட்டுப்படுத்தவே ஒரு சட்டம் வந்தது. அதன் விதிகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 2013 ஜனவரியில். வழக்குப் போட்டவர் நாடகக்காரரும் பத்திரிகையாளருமான ஞாநி. ஒரு நாடகக்காரருக்குப் பயந்து போட்ட சட்டத்தை எடுக்க இன்னொரு நாடகக்காரர் வர வேண்டியிருந்தது, நடுவில் ஐம்பத்தொன்பது வருடம். இந்தூரில் 2021 ஜனவரி முதல் தேதி முனாவர் ஃபரூக்கியைப் பிடித்தபோது அவர் அன்றைய ஜோக்கைச் சொல்லக்கூட ஆரம்பிக்கவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் சிறை. அதனால் எழுதுவதற்கு முன்னால் ஒரு வழக்கறிஞர் தோழரின் நம்பரை வைத்துக்கொள்ளுங்கள். இது ஜோக் இல்லை. என் இரண்டாவது புத்தகத்தை அச்சுக்குப் போகும் முன் ஒரு வழக்கறிஞர் வரிவரியாகப் படித்தார், மூன்று இடத்தில் ஊர்ப் பேரை மாற்றச் சொன்னார். மாற்றினேன். தெருவை எடுக்கவில்லை.

கடைசியாக ஒன்று. இந்த ஆறு வருடத்தில் நான் சென்னை, பெங்களூரு, கோயம்புத்தூர், கோலாலம்பூர் வரை போய்ப் பேசிவிட்டேன். சிவகிரியில் ஒருமுறைகூட அந்தச் செருப்பு ஜோக்கைச் சொன்னதில்லை. ஏசி அறையில் அது ஒரு கதை. இங்கே அந்தத் திண்ணைக்காரரின் பேரனும் எங்கள் தாத்தாவின் பேரனும் ஒரே பஸ்ஸில் போக வேண்டும். பயம்தான், வேறு காரணம் எதுவும் இல்லை. இன்றைக்குச் சொல்லிவிட்டேன், பேச்சின் நடுவில், தலைப்புக்கு உதாரணம் மாதிரி ஒளித்து வைத்து. பின்வரிசையில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். சிரித்தாளா என்று இங்கிருந்து தெரியவில்லை, லைட் கண்ணில் அடிக்கிறது.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இந்த இடத்தை நமக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு ஆளுக்கு ஐந்து நிமிடம். கதை வாசிக்கலாம், ஜோக் சொல்லலாம், வில்லடிக்கத் தெரிந்தால் அடிக்கலாம். யாரும் யாரிடமும் ஊர் கேட்கக் கூடாது, அது ஒன்றுதான் விதி. இதுவரை இரண்டு பேர் பேர் கொடுத்திருக்கிறார்கள், ஒருவர் எட்டாம் வகுப்பு.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். புளியங்குடிப் பக்கம் போகிறவர்கள் முதலில் கேளுங்கள், உங்களுக்குத்தான் பஸ்ஸுக்கு நேரமாகிறது.